மாணவர் மீடியா குழுவுக்கு டாவின்ச்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதுமா?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு மீடியா குழு தொடங்கினால், முதலில் இடிப்பது கேமரா அல்ல. கேமரா யாரிடமாவது இருக்கும், இல்லையென்றால் நாள் வாடகைக்குக் கிடைக்கும். எதில் எடிட் செய்வது என்பதில்தான் சிக்கல். ஒருவர் லேப்டாப்பில் கிராக் போட்ட பிரீமியர், இன்னொருவர் போனில் ஏதோ ஒரு ஆப், கல்லூரி லேபில் பழைய எடியஸ். ஒருவர் பாதியில் விட்ட வேலையை இன்னொருவர் திறக்கக்கூட முடியாது. கடைசியில் யாரிடம் நல்ல லேப்டாப் இருக்கிறதோ அவரே எல்லா எடிட்டும் செய்வார். மற்றவர்கள் டிரைபாட் தூக்கியதோடு சரி. அனுபவத்துக்காகத் தொடங்கிய குழுவில் அனுபவம் ஒருவருக்கு மட்டும் போய்ச் சேரும்.

அப்படிப்பட்ட குழு தன் பொது எடிட்டிங் மென்பொருளாக டாவின்ச்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை வைத்துக்கொள்ளலாமா என்பதைப் பற்றியது இந்த விமர்சனம். 20ஆம் பதிப்பை மனதில் வைத்து எழுதுகிறோம். கல்லூரி விழா, அரங்கேற்றம், கடைத் திறப்பு, குறும்படம், என்ஜிஓ ஆவணப்படம் போன்ற மாணவர் குழுவுக்கு வரக்கூடிய வேலைகள்தான் அளவுகோல்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போதும். ஆனால் மூன்று விஷயம் இருந்தால்தான்: படம்பிடிக்கும் கோப்பு 8 பிட்டாக (ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி மட்டும் உள்ள பதிவு) இருக்க வேண்டும், குழுவில் ஒரு மெஷினிலாவது 16 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் இருக்க வேண்டும், டேட்டாவுக்கு, அதாவது எடுத்த கோப்புகளையும் அவற்றின் நகல்களையும் பத்திரப்படுத்துவதற்கு என்றே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மூன்றாவதை அலட்சியம் செய்யும் குழுவுக்கு இந்த மென்பொருளை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஏன் என்று கீழே வருகிறது.

இலவசத்தில் என்ன கிடைக்கிறது

டாவின்ச்சி என்பது முதலில் கலர் கிரேடிங்குக்காகத் தனி வன்பொருளோடு விற்கப்பட்ட, ஸ்டூடியோக்கள் மட்டுமே வாங்கக்கூடிய பெரிய அமைப்பு. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன், அதைத் தயாரித்த டாவின்ச்சி சிஸ்டம்ஸ் நிறுவனத்தை வாங்கியது. அதற்குப் பிறகுதான் இது சாதாரணக் கணினிக்கு இறங்கி வந்தது. இன்று தமிழ் சினிமாவின் டிஐ வேலை (படத்தின் இறுதி நிறத்திருத்தம்) நடக்கும் பல இடங்களில் இருப்பதும் இதே மென்பொருள்தான். அங்கே கட்டணப் பதிப்பு, மாணவருக்கு இலவசப் பதிப்பு. பட்டன்கள் இருக்கும் இடம் மாறாது.

இலவசப் பதிப்புக்குக் கால வரம்பு கிடையாது. வாட்டர்மார்க் விழாது. காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம். 3840க்கு 2160 அளவு வரை, நொடிக்கு 60 பிரேம் வரை வெளியே எடுக்கலாம். கல்லூரி விழாவுக்கோ யூடியூபுக்கோ இதற்கு மேல் யாரும் கேட்கப்போவதில்லை. கட்டணப் பதிப்பில் மட்டும் உள்ள எஃபெக்ட் ஒன்றை அறியாமல் போட்டுவிட்டால் அந்த ஷாட்டின் மேல் வாட்டர்மார்க் வரும். அதைப் பார்த்து, மென்பொருளே காலாவதியாகிவிட்டது என்று புதியவர்கள் பதறுவார்கள். அந்த எஃபெக்டை நீக்கினால் போய்விடும்.

ஆனால் மாணவர் குழுவுக்கு இதன் உண்மையான மதிப்பு விலையில் இல்லை. திரையின் அடிப்பகுதியில் வரிசையாக ஏழு பக்கங்கள்: மீடியா, கட், எடிட், ஃப்யூஷன், கலர், ஃபேர்லைட், டெலிவர். போஸ்ட் புரொடக்‌ஷனில் எத்தனை துறை உண்டோ, கிட்டத்தட்ட அத்தனையும் இங்கே தனித்தனி அறையாக இருக்கின்றன. கார்டு இறக்குபவர், அதாவது கேமரா கார்டிலிருந்து கோப்புகளை நகலெடுப்பவர், மீடியா பக்கத்தில் உட்காருவார். எடிட்டர் எடிட் பக்கத்தில். டிஐ பழக விரும்புபவருக்குக் கலர், சவுண்ட் பார்ப்பவருக்கு ஃபேர்லைட், கிராபிக்ஸுக்கு ஃப்யூஷன். ஒரே புராஜெக்டில் ஐந்து பேர் ஐந்து பொறுப்பை எடுத்துக்கொண்டு, அடுத்த வேலையில் மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து வேலை கேட்டுப் போகும்போது, "எடிட்டிங் தெரியும்" என்று பொதுவாகச் சொல்வதற்கும், "இந்த ஆவணப்படத்துக்கு நான் சவுண்ட் மிக்ஸ் செய்தேன், டிராக் அமைப்பு இதோ" என்று திறந்து காட்டுவதற்கும் எவ்வளவோ வித்தியாசம். முழு வேலையையும் ஒரே லேப்டாப்காரரிடம் தள்ளிவிடும் பழக்கத்தை இந்த அமைப்பே தடுக்கிறது.

மெஷின்

எடிட், கலர் வேலைக்கு 16 ஜிபி ரேம். ஃப்யூஷனில் கிராபிக்ஸ் செய்பவருக்கு 32 ஜிபி. 8 ஜிபியில் திறக்கும், சின்ன டைம்லைன் ஓடும்; ஃப்யூஷன் பக்கத்துக்குப் போனதும் திணறி மூடிக்கொள்ளும். மற்ற எடிட்டிங் மென்பொருள்களைவிட இது கிராபிக்ஸ் கார்டை அதிகமாக நம்பியிருக்கிறது. புது மெஷின் வாங்கும்போது பிராசஸருக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை கிராபிக்ஸ் கார்டுக்குத் திருப்புங்கள். 2011 முதல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்களை வைத்து இதை ஓட்ட முயல வேண்டாம். அந்த மெஷின் மட்டுமே உள்ளவருக்கு ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருளில் ரஃப் கட் பழகக் கொடுங்கள். அல்லது சப்டைட்டில் தட்டச்சு, ஷாட் பட்டியல், மியூசிக் உரிமம் சரிபார்ப்பு போன்ற வேலைகளைக் கொடுங்கள். அவையும் பொறுப்பான வேலைகள்தான்.

லினக்ஸ் மெஷினில் இலவசப் பதிப்பைப் போட்டு ஏமாறுபவர்கள் நிறைய. போனிலும் டிஎஸ்எல்ஆரிலும் வரும் ஹெச்.264, ஹெச்.265 கோப்புகளை லினக்ஸ் இலவசப் பதிப்பு திறக்காது. எல்லாக் கோப்பையும் வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குழுவுக்கு விண்டோஸ் அல்லது மேக் போதும்.

விண்டோஸிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 10 பிட் ஹெச்.265. புதிய மிரர்லெஸ் கேமராக்களில் 10 பிட் 4:2:2 என்று, நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் ஒரு அமைப்பு உண்டு. தரம் கூடுதல் என்று கேமராமேன் ஆசையாக வைத்துவிடுவார். எடிட்டர் மெஷினில் போட்டால் சத்தம் மட்டும் கேட்கும், படம் இருக்கும் இடத்தில் சிவப்பாக "மீடியா ஆஃப்லைன்" என்று நிற்கும். ஐபோனில் ஹெச்டிஆர் வீடியோ ஆன் ஆகியிருந்தால் அதுவும் 10 பிட்தான். ஷூட்டுக்கு முன்னால் கேமராவில் 8 பிட் என்றும், ஐபோனில் ஹெச்டிஆர் ஆஃப் என்றும் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டால், ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூஎக்ஸ் வடிவத்துக்கு மாற்றுங்கள். தரம் போகாது, ஆனால் கோப்பு பல மடங்கு பெருக்கும். அதற்கு ஹார்டு டிஸ்கில் இடம் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

மெதுவாக ஓடும் மெஷினுக்கு ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்வதற்காக மட்டும் உருவாக்கும் சிறிய நகல் கோப்புதான் மருந்து. மீடியா பூலில் கிளிப்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக், "ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா". 4கே புட்டேஜுக்குக் கால்வாசி அளவு வைத்தால் போதும். இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் சாதாரண லேப்டாப்பிலும் எடிட் வழுக்கிக்கொண்டு போகும். வெளியே எடுக்கும்போது மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ளும். ஆனால் டெலிவர் பக்கத்தில் "யூஸ் ப்ராக்ஸி மீடியா" டிக் ஆகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிக் ஆகியிருந்தால் மங்கலான படம் பார்ட்டி (வேலை கொடுத்தவர்) கைக்குப் போய்ச் சேரும்.

கார்டு இறக்குவது

மாணவர் குழுக்கள் அதிகம் சேதப்படுவது இங்கேதான். விழா முடிந்த களைப்பில் கார்டைச் செருகி, கண்ணில் படும் வீடியோ கோப்புகளை மட்டும் டெஸ்க்டாப்பில் இழுத்துப்போட்டு, கார்டை ஃபார்மட் செய்துவிடுவார்கள். நான்கு நாள் கழித்து மூன்று கிளிப் பாதியில் நிற்கும்.

மீடியா பக்கத்தில் "குளோன் டூல்" என்று ஒன்று இருக்கிறது. இலவசப் பதிப்பிலேயே உண்டு, ஆனால் பயன்படுத்துபவர்கள் குறைவு. கார்டை மூலமாக வைத்து, இரண்டு ஹார்டு டிஸ்க்கை இலக்காகக் கொடுத்தால், இரண்டிலும் ஒரே நேரத்தில் நகலெடுத்து, ஒவ்வொரு கோப்பும் மூலத்தோடு பிட்டுக்குப் பிட் பொருந்துகிறதா என்று செக்சம் போட்டுச் சரிபார்க்கும். முழுக் கார்டையும் அதன் ஃபோல்டர் அமைப்போடு எடுக்க வேண்டும். குறிப்பாக சோனி கார்டில் "பிரைவேட்" ஃபோல்டரைப் பிரித்துப் போடக் கூடாது. இரண்டு நகலும் பச்சையாக வந்த பிறகுதான் கார்டு ஃபார்மட். அதையும் கேமராவிலேயே செய்ய வேண்டும், கணினியில் அல்ல.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு மனக்கணக்கு ஒன்று போதும். நொடிக்கு 50 மெகாபிட் எடுக்கும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி. 100 மெகாபிட் என்றால் 45 ஜிபி. இரண்டு கேமரா, மூன்று மணி நேர அரங்கேற்றம், 4கே 100 மெகாபிட் என்றால் 270 ஜிபி. இரண்டு நகலுக்கு 540. ஒரு டிஸ்கில் ஒரு நகல் என்று வைத்தாலும், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் மூன்று நிகழ்ச்சிக்கு மேல் தாங்காது. ஹார்டு டிஸ்க் செலவை மறந்துவிட்டு விலை பேசும் குழு கையைக் கடித்துக்கொள்ளும்.

25 பிரேம், போன் புட்டேஜ், அரங்கேற்றம்

புராஜெக்ட் தொடங்கியவுடன், ஒரு கிளிப்கூட உள்ளே போடாமல், புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்லைன் பிரேம் ரேட்டை 25 என்று வையுங்கள். புட்டேஜ் உள்ளே போன பிறகு இதை மாற்ற ரிசால்வ் விடாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து எல்இடியும் டியூப்லைட்டும் அந்தத் துடிப்பில் எரிகின்றன. 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று எடுத்தால் படம் அமைதியாக இருக்கும். 30 பிரேம், 1/60 என்றால் மேடையின் பின்திரை முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். அதை எடிட்டில் சரிசெய்வது பெரும்பாடு.

போன்கள் தாமாகவே 30 பிரேமில் எடுக்கும். அதைவிட மோசம், அந்த 30ம் நிலையாக இருக்காது; வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கூடிக் குறையும். அதனால் நீளமான கிளிப்பில் உதடும் ஒலியும் மெல்ல மெல்லப் பிரியும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் ஐபோனுக்கும் சில ஆண்ட்ராய்டு போன்களுக்கும் கிடைக்கிறது. அதில் 25 பிரேம், ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவைக்கலாம். பூட்டாமல் எடுத்த புட்டேஜ் வந்தால் ஷட்டர் என்கோடரிலோ ஹேண்ட்பிரேக்கிலோ நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டே உள்ளே போடுங்கள்.

தனி ரெக்கார்டரில் ஒலி எடுத்தால், அதைப் படத்தோடு பொருத்த (சிங்க் செய்ய) கிளிப்களைத் தேர்ந்தெடுத்து "ஆட்டோ சிங்க் ஆடியோ", "பேஸ்டு ஆன் வேவ்ஃபார்ம்". கேமராவின் சொந்த மைக் ஆன் ஆகியிருந்தால்தான் ஒப்பிட ஏதாவது இருக்கும். சத்தம் நன்றாக இல்லை என்று கேமரா மைக்கை அணைத்துவிடாதீர்கள். பொருத்துவதற்கு அடையாளமாகத் தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள்.

பரதநாட்டிய அரங்கேற்றத்தில் இந்த சிங்க் எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி, அதாவது நாலரை பிரேம் விலகிவிடும். பேச்சில் இதைப் பலர் கவனிக்க மாட்டார்கள். நட்டுவாங்கத் தாளம் விழும் இடமும் காலடி விழும் இடமும் நாலு பிரேம் பிரிந்தால், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த குருவுக்கு அது ஆடியவரின் தவறாகத் தெரியும். ஆடாத தவறை வீடியோ ஆடியவர் தலையில் கட்டுகிறது. ஆகவே மூன்று மணி நேரத்தையும் ஒரே சிங்கில் விடாதீர்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று உருப்படி தோறும் வெட்டி, ஒவ்வொன்றின் முதல் காலடியிலும் மறுபடி பொருத்துங்கள். வர்ணம் நீளமானது; நடுவே ஒரு தீர்மானத்தில் மீண்டும் சரிபாருங்கள். பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானாக நின்றுவிடும். வர்ணம் தொடங்குவதற்கு முன் நிறுத்தி மறுபடி ஓடவிடுவது கேமராமேன் வேலை. இரண்டு கேமராவையும் ஒரே நேரத்தில் நிறுத்தக் கூடாது.

தமிழ் எழுத்து

நம் குழுக்களுக்கு இது மிக முக்கியமான பகுதி. ஆங்கில விமர்சனங்களில் இது பெரும்பாலும் வராது. ரிசால்வில் எழுத்துப் போட இரண்டு வழி: எடிட் பக்கத்தின் சாதாரண "டெக்ஸ்ட்", ஃப்யூஷனிலிருந்து வரும் "டெக்ஸ்ட் பிளஸ்". அனிமேஷன் வசதி எல்லாம் இரண்டாவதில்தான். ஆனால் தமிழ் போன்ற, எழுத்துகள் இடம் மாறிக் கூடும் வரிவடிவங்களில் டெக்ஸ்ட் பிளஸ் நெடுங்காலமாகச் சொதப்பிவந்தது. "கொடி" என்று தட்டினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் ஒட்டி, கால் தனியாகத் தொங்கும். பதிப்புக்குப் பதிப்பு, எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறுகிறது. எனவே டைட்டில் வேலையைத் தொடங்கும் முன் "கொடி, கௌரவம், தை, ஸ்ரீ, க்ஷ" என்று ஒரு வரி தட்டி, பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்தும் சரியாக வந்தால் தொடரலாம்.

வரவில்லையா? மல்லுக்கட்ட வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் 1920க்கு 1080 அளவில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் மேல் டிராக்கில் வையுங்கள். பழைய ஃபோட்டோஷாப் பதிப்பு வைத்திருப்பவர் அதன் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான "வேர்ல்டு-ரெடி" என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அங்கேயும் கொம்பு உடையும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால் உடையாது என்று சிலர் அதற்குப் போவார்கள். அன்றைக்குப் பிழைக்கலாம். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத அடுத்தவர் மெஷினில் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், சப்டைட்டில் கோப்பாக எடுக்கவும் முடியாது. யூனிகோடிலேயே நில்லுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பவனம், கவிவனர் எல்லாம் கூகுள் எழுத்துருத் தளத்தில் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். குழுவின் எல்லா மெஷினிலும் ஒரே எழுத்துருத் தொகுப்பை முதல் நாளே நிறுவிவிடுங்கள்.

ரீல் காலத்தில் பெயர்ப் பிழை போல் பார்ட்டியைக் கோபப்படுத்துவது வேறொன்றுமில்லை. விருந்தினர் பெயர், இனிஷியல், பட்டம் எல்லாவற்றையும் அழைப்பிதழைப் பார்த்து ஒருவர் தட்ட, இன்னொருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

கலரும் ஒலியும்

கலர் பக்கம்தான் இந்த மென்பொருளின் உயிர். இலவசப் பதிப்பிலேயே நோடுகள், கர்வ், குவாலிஃபையர், பவர் விண்டோ (படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துத் திருத்துவது), டிராக்கர் ஆகிய நிறத்திருத்தக் கருவிகளும், நிறத்தை வரைபடமாகக் காட்டும் எல்லா ஸ்கோப்களும் கிடைக்கின்றன. கற்கத் தொடங்குபவர் லட் (ஆயத்த நிற அமைப்பு) வாங்கி ஒட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டு, பரேடு ஸ்கோப்பில் மூன்று நிறத்தையும் சமன் செய்யப் பழகட்டும். டியூப்லைட் மண்டபத்தில் பச்சை தூக்கி நிற்பது அதில் அப்பட்டமாகத் தெரியும். முகத்தை விண்டோவால் தனிமைப்படுத்தி, வெக்டர்ஸ்கோப்பில் தோல்நிறக் கோட்டைப் பாருங்கள். கறுத்த முகமானாலும் சிவந்த முகமானாலும் நிறம் அந்தக் கோட்டை ஒட்டியேதான் விழும். மாறுவது வெளிச்ச அளவு மட்டும். முகத்தை வெளுக்கச் சொல்லிக் கேட்கும் பார்ட்டிகள் வருவார்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்குங்கள், நிறத்தைக் கெடுக்காதீர்கள்.

8 பிட் கேமராவில் எஸ்-லாக் (பின்னால் கிரேடிங் செய்வதற்கான சோனியின் வெளிறிய பதிவு முறை) எடுத்துவிட்டு கிரேடிங்கில் இழுத்தால் வானமும் சுவரும் படிக்கட்டு போல உடையும். ரிசால்வ் காரணமல்ல, 8 பிட்டில் அத்தனை நிறப்படி இல்லை. சாதாரண பிக்சர் புரொஃபைலில் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் குறைத்து எடுப்பது பாதுகாப்பு.

இலவசத்தில் இல்லாததில் மிகவும் உறுத்துவது படத்துக்கான நாய்ஸ் ரிடக்‌ஷன். இருட்டு மேடையில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்தால் வரும் புள்ளிகளை இங்கே சுத்தம் செய்ய வழியில்லை. விளக்கைக் கூட்டச் சொல்வது அல்லது எஃப்1.8 லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுப்பதுதான் தீர்வு. ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க், பேச்சைச் சுற்றுச் சத்தத்திலிருந்து பிரிக்கும் வாய்ஸ் ஐசொலேஷன், தானாகச் சப்டைட்டில், அகலமான படத்தைச் செங்குத்துப் படமாக மாற்றும் ஸ்மார்ட் ரீஃப்ரேம் ஆகியவையும் கிடையாது. ரீலுக்கு 1080க்கு 1920 டைம்லைன் போட்டு, ஒவ்வொரு ஷாட்டையும் கையால் நகர்த்தியாக வேண்டும். ஒரு நிமிட ரீலுக்கு அரைமணி நேரம் கூடும், அவ்வளவுதான்.

ஃபேர்லைட்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பேட்டிக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஈக்யூ, லேசான கம்ப்ரஸர், ஏசி கரண்டின் "ம்ம்ம்" இருந்தால் 50 ஹெர்ட்ஸில் வைத்த டி-ஹம்மர். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் எடுத்த பேட்டியை எந்த எஃபெக்டும் முழுதாக மீட்காது; ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள், வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம். பதிவின்போது பேச்சு மைனஸ் 12 டெசிபலை ஒட்டி ஆடட்டும். முடிவில் லவுட்னஸ் மீட்டரில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (முழு ஒலியின் சராசரிச் சத்த அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். யூடியூப் அதற்கு மேல் சத்தமாக இருப்பதைத் தானே குறைத்துவிடும். குறைவாக இருப்பதை ஏற்றித் தராது. பின்னணிக்குச் சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமைக் கோரிக்கை வந்து, பார்ட்டியின் சேனலில் விளம்பரமோ தடையோ விழும். யூடியூப் ஆடியோ நூலகத்திலிருந்து எடுத்து, பாடலின் பெயரையும் உரிம வகையையும் புராஜெக்ட் ஃபோல்டரிலேயே எழுதிவையுங்கள்.

ஐந்து பேர், ஒரு புராஜெக்ட்

ரிசால்வில் புராஜெக்ட் என்பது டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்பு அல்ல. உள்ளே இருக்கும் ஒரு நூலகத்தில், டேட்டாபேஸாகச் சேமிக்கப்படுகிறது. இது தெரியாமல் விண்டோஸை மறுபடி நிறுவி, மூன்று மாத வேலையைத் தொலைக்கும் விபத்து அடிக்கடி நடக்கிறது. புட்டேஜ் பத்திரமாக இருக்கும், எடிட் போயிருக்கும். தினமும் வேலை முடிந்ததும் "ஃபைல்", "எக்ஸ்போர்ட் புராஜெக்ட்". வரும் டிஆர்பி கோப்பு புட்டேஜோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, மெயிலிலேயே அனுப்பலாம். தேதி போட்டுக் குழுவின் டிரைவில் ஏற்றுங்கள். பிரிஃபரன்ஸில் லைவ் சேவ், புராஜெக்ட் பேக்கப் இரண்டும் ஆன் ஆகியிருக்கட்டும். பேக்கப் இடத்தை வேறொரு ஹார்டு டிஸ்குக்கு மாற்றுங்கள்.

ஒருவர் முடித்து அடுத்தவருக்குக் கொடுக்கும் முறைக்கு இந்த டிஆர்பி கோப்பும் புட்டேஜ் நகல் உள்ள ஹார்டு டிஸ்க்கும் போதும். வாங்குபவர் திறந்து "ரீலிங்க்" கொடுத்தால் எல்லாம் பொருந்திவிடும். எல்லா மெஷினிலும் அந்த ஹார்டு டிஸ்குக்கு ஒரே டிரைவ் எழுத்து, உதாரணமாக எக்ஸ், என்று ஒதுக்கிவிட்டால் ரீலிங்க்கூடத் தேவைப்படாது. கல்லூரி லேபில் ஒரே நெட்வொர்க்கில் உட்கார்ந்தால், புராஜெக்ட் சர்வர் என்ற இலவச மென்பொருளை ஒரு மெஷினில் ஓடவிட்டு, எடிட்டரும் கலரிஸ்ட்டும் ஒரே புராஜெக்டில் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். இது இலவசப் பதிப்பிலேயே கிடைப்பது பெரிய விஷயம். ஒருவர் திறந்து வேலை செய்யும் "பின்" (கிளிப்களை வைக்கும் ஃபோல்டர்) மற்றவருக்குப் பூட்டப்படும், அதனால் ஒருவர் வேலையை இன்னொருவர் அழிக்க முடியாது.

பதிப்பில் மட்டும் கவனம். ஒருவர் ஆசையில் புதிய பதிப்புக்கு மாறி, புராஜெக்டைத் திறந்துவிட்டால், பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அதைத் திறக்கவே முடியாது. கையில் உள்ள வேலை முடியும் வரை யாரும் அப்டேட் செய்யக் கூடாது என்று குழுவில் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பார்ட்டிக்கு முதல் கட் அனுப்பும்போது "டேட்டா பர்ன்-இன்" போட்டு, டைம்கோடு திரையில் தெரிய அனுப்புங்கள். "அந்த மாமா வரும் இடம்" என்பதற்குப் பதில் "2 நிமிடம் 14ஆவது நொடி" என்று கரெக்‌ஷன் வரும். ஒவ்வொரு கரெக்‌ஷனுக்கு முன்னும் டைம்லைனை நகலெடுத்து எண் போடுங்கள். முதலில் இருந்ததே நன்றாக இருந்தது என்று சொல்லாத பார்ட்டி அபூர்வம். எத்தனை கரெக்‌ஷன் என்பதை வேலை ஒப்புக்கொள்ளும்போதே பேசிவிட வேண்டும், இரண்டு நியாயமானது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் நசுங்கும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பழக, பிளாக்மேஜிக் தன் தளத்தில் பயிற்சிப் புத்தகங்களையும் அதற்கான புட்டேஜையும் இலவசமாகவே கொடுக்கிறது. எடிட், கலர், ஃபேர்லைட், ஃப்யூஷனுக்குத் தனித்தனிப் புத்தகம். படித்து முடித்தவர் இணையத் தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கலாம். ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு முடித்தால், முதல் செமஸ்டர் முடிவதற்குள் குழுவில் எல்லாத் துறைக்கும் ஆள் தயார்.

ஸ்டூடியோ எப்போது

கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவின் விலை 295 டாலர், ஒரே முறை. மாதச் சந்தா இல்லை என்பதால் படிப்பு முடிந்தாலும் கையில் நிற்கும். ஒரு உரிமத்தை ஒரே நேரத்தில் இரண்டு மெஷினில் இயக்கலாம். இருட்டு மேடை வேலை மாதாமாதம் வருகிறது, அல்லது குழு 10 பிட் கேமராவுக்கு மாறுகிறது என்றால் வாங்கலாம். வேறு காரணத்துக்காக முதல் வருடத்தில் வாங்க வேண்டாம். அந்தப் பணம் ஹார்டு டிஸ்குக்கும் சட்டையில் மாட்டும் ஒரு நல்ல லேப்பல் மைக்குக்கும் போகட்டும். பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமராவோடு ஸ்டூடியோ உரிமமும் சேர்ந்தே வரும். பழைய கேமரா வாங்கும்போது அந்த உரிமச் சீட்டு பயன்படுத்தப்பட்டதா என்று கேட்டுவிடுங்கள்.

வாங்கினால் சாவி எண்ணை ஒருவரின் சொந்த மெயிலில் வைக்காமல், குழுவின் பொது மெயிலிலும் துறைப் பேராசிரியரிடமும் வையுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் வெளியேறும் ஏப்ரலில், அவர்கள் மெஷினில் ஆக்டிவேஷனை நீக்கிவிட்டு இரண்டாமாண்டு மாணவர்களின் மெஷினில் போட்டுக் கொடுப்பதையும், ஹார்டு டிஸ்குகளையும் டிஆர்பி கோப்புகளையும் எண்ணி ஒப்படைப்பதையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.